ஃபைபர், கேபிள், 5ஜி, சாட்டிலைட்: நெட்டுக்கு எது, முதலீட்டுக்கு எது

டெக்னாலஜில ஃபைபர்தான் டாப், இதுல சண்டை போட ஒண்ணும் இல்ல. ஆனா அதுக்காக ஃபைபர் கம்பெனி ஷேர வாங்கிப் போட்டா லாபம் வந்துரும்னு நெனைக்கிறதுலதான் நெறைய பேரு மாட்டுறாங்க.

கண்ணாடி இழைய ஒரு தடவ புதைச்சுட்டா பல வருஷத்துக்கு அது அப்படியே கெடக்கும், ஸ்பீடு கூட்டணும்னா ரெண்டு முனைலயும் இருக்குற பெட்டிய மாத்துனா போதும். இழைல டேட்டா அனுப்புற பழைய முறையான ஜிபான்ல டவுன்லோட் 2.5 ஜிபிபிஎஸ் (செகண்டுக்கு கிகாபிட்), அதையும் பல வீடு பங்கு போட்டுக்கணும், அதே இழைல புது முறையான எக்ஸ்ஜிஎஸ் பான் போட்டா டவுன்லோட், அப்லோட் ரெண்டும் 10. செலவெல்லாம் பள்ளம் தோண்டுறதுலயும் கூலிலயும்தான் போகுது, அதுவும் கடன் வாங்கி. அதனால எத்தன வீட்டு வாசல் வரைக்கும் ஃபைபர் போயிருக்குன்னு கம்பெனி பெருமையா சொல்றத விட்டுட்டு, அதுல எத்தன வீடு கனெக்‌ஷன் எடுத்துச்சுன்னு பாருங்க.

அமெரிக்காவுல ஃப்ரன்டியர்னு ஒரு கம்பெனி, காப்பர் லைனையும் கடனையும் கட்டிக்கிட்டு அழுது 2020 ஏப்ரல்ல திவால் மனு போட்டுச்சு, பழைய ஷேர் வச்சிருந்தவங்களுக்கு பட்டை நாமம். கடன் பெருசா கழிஞ்சு 2021ல வெளிய வந்து ஃபைபர் போட்டுச்சு, 2024ல பெரிய ஃபோன் கம்பெனியான வெரைசன் அத 2000 கோடி டாலருக்கு வாங்குறதா அறிவிச்சாங்க. சாட்டிலைட்லயும் இதே கததான், இரிடியம்ங்கிற சாட்டிலைட் ஃபோன் கம்பெனி 1999ல, ஒன்வெப்ங்கிற சாட்டிலைட் நெட் கம்பெனி 2020ல திவால், ஆனா ரெண்டு சேவையும் இன்னும் ஓடுது. மொத ஆளு கட்டி நொடிச்சு போவான், ரெண்டாவது வந்தவன் சல்லிசா அள்ளிட்டு போவான்.

ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டர்லயே பறக்குறதால, 35,786 கிலோமீட்டர்ல நிக்குற பழைய சாட்டிலைட் மாதிரி டேட்டா போய் வர்றதுக்கு அரை செகண்டுக்கு மேல இழுக்காது. ஆனா ஒவ்வொரு சாட்டிலைட்டும் அஞ்சு வருஷம் கிட்டதான் தாங்கும், அப்புறம் மறுபடி ஏவணும், அந்த செலவுக்கு முடிவே கெடையாது. ஊருக்கு ஒதுக்குப்புறமா இருக்குறவங்களுக்கு வேற வழி இல்ல, நெருக்கமா வீடு இருக்குற எடத்துல இது ஃபைபரோட மோதவே முடியாது.

டிவி கேபிள் லைன்ல வர்ற நெட்டுக்கு டாக்சிஸ் 4.0ங்கிற புது டெக்னாலஜி வந்தா 10 ஜிபிபிஎஸ் டவுன்லோட், 6 அப்லோட், பேப்பர்ல. இப்போதைக்கு அப்லோட் சொதப்பல்தான். கேபிள் கம்பெனிங்களோட கஸ்டமர ஒரு பக்கம் ஃபைபர் இழுக்குது, இன்னொரு பக்கம் மொபைல் டவர்லருந்து வயர் இல்லாம வீட்டுக்கு வர்ற 5ஜி ஹோம் இண்டர்நெட் இழுக்குது, 2025 ஜூலைல அமெரிக்க கேபிள் கம்பெனி சார்ட்டரோட ஷேர் ஒரே நாள்ல 18% கிட்ட விழுந்ததுக்கு இந்த கஸ்டமர் ஓட்டம்தான் முக்கிய காரணம்.

5ஜி ஹோம் கணக்கு எனக்கு ரொம்ப புடிச்சது. டவர் ஏற்கனவே நிக்குது, சும்மா கெடக்குற கெப்பாசிட்டிய விக்குறாங்க, புதுசா பெருசா செலவு இல்ல. ஆனா ஒரு வீடு இழுக்குற டேட்டா ஒரு ஃபோன விட பல மடங்கு, அதனால நெரிசல் வந்ததும் அந்த ஏரியாவுல புது கனெக்‌ஷன நிறுத்திருவாங்க, வளர்ச்சி அதோட நின்னுரும்.

யார் ஜெயிச்சாலும் கண்ணாடி வேணுமேன்னு கார்னிங் மாதிரி இழை தயாரிக்கிற கம்பெனிக்கு போறவங்களும் உண்டு, டவருக்கும் ஃபைபர்தானே போகுது. ஆனா இப்ப அந்த ஷேர தூக்குறது ஏஐ டேட்டா சென்டர் ஆர்டர், வீட்டு நெட்ட நம்பி வாங்குறவங்க அத தெரிஞ்சே வாங்குங்க.