ஜே மொழியுடன் எட்டு ஆண்டுகள்: சூத்திரமும் உரையும்

அட்டவணைக் கணக்குகளுக்காக ஜே நிரல்மொழியை எட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பிறரிடம் ஒப்படைக்க வேண்டிய நிரல்களைப் பைத்தானில் எழுதுகிறேன். ஏபிஎல் என்ற நிரல்மொழியின் தந்தையான கென்னத் ஐவர்சன், ரோஜர் ஹுயியுடன் சேர்ந்து 1990இல் உருவாக்கியது ஜே. ஏபிஎல்லுக்கெனத் தனிக் குறிகள் உண்டு. ஜேயோ வழக்கமான விசைப்பலகைக் குறிகளோடு நிறுத்திக்கொண்டது.

சராசரி காண +/%# என்ற நான்கு குறிகள் போதும். +/ கூட்டுத்தொகை, # எண்ணிக்கை, நடுவிலுள்ள % வகுத்தல். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் சுழற்சி எழுத வேண்டியதில்லை, இடையில் வரும் மதிப்புகளைத் தாங்கும் மாறிகளுக்குப் பெயர் தேடும் தொல்லையும் இல்லை. பைத்தானில் இரண்டு திரைக்கு நீளும் கணக்கு இங்கே பத்து வரிகளில் அடங்கிவிடுவதால், முழுவதையும் ஒருசேரக் கண்முன் வைத்து யோசிக்க முடிகிறது. நான் இதை விடாதிருப்பதற்கு இந்த ஒன்றே காரணம்.

தொல்லையும் இதே சிக்கனத்திலிருந்துதான் வருகிறது. ஒருமுறை அந்தச் சாய்கோட்டை மறுபக்கம் சாய்த்து +\%# என்று எழுதிவிட்டேன். ஜேயில் +\ என்பது படிப்படியாகக் கூட்டிச் செல்லும் தொகை. அதுவும் முறையான நிரலே என்பதால் பிழைச்செய்தி எதுவும் வரவில்லை, ஓர் எண் வரவேண்டிய இடத்தில் ஒரு பட்டியல் வந்து நின்றது. அதை நிரலின் வேறு பகுதி விழுங்கிக்கொண்டதால் தவற்றைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. வலமிருந்து இடமாகக் கணக்கிடும் வழக்கமும் அப்படித்தான்: 10-2-3 என்றால் 5 வராது, 11 வரும்.

தமிழும் சுருக்கமான மொழிதான். 'வராதவர்களுக்கும்' என்ற ஒரே சொல்லில் வினை, எதிர்மறை, பன்மை, வேற்றுமை, உம்மை எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஆனால் தமிழ் தேவைக்கு மேலும் சொல்லிவைக்கிறது. 'அவர்கள் வந்தார்கள்' என்பதில் பன்மை இருமுறை வருவதால், ஓரிடத்தில் எழுத்து பிசகினாலும் மற்றோர் இடம் காட்டிக்கொடுத்துவிடும். ஜேயில் அந்த உபரி மிகக் குறைவு. பிசகியதும் பெரும்பாலும் பொருள் தரும் வேறொரு நிரலாகவே நிற்கிறது.

சூத்திரம் என்பது 'சில்வகை எழுத்தில் பல்வகைப் பொருளை'ச் செறித்துத் தருவது என்கிறது நன்னூல். அந்த நூற்பாக்களையும் நாம் உரையோடுதான் படித்தோம். மூன்று மாத இடைவெளிக்குப் பின் என் வரிகளே எனக்குப் புரியாமற்போனதிலிருந்து, ஒவ்வொரு வரிக்கு மேலும் தமிழில் உரை எழுதிவருகிறேன். சென்ற வாரம் எழுதிய ஒரு வரிக்கு ஐந்து வரி உரை தேவைப்பட்டது.