கேஸ் உலை வாங்குவோர் கவனத்திற்கு

அரிவாள், உளி, கத்தி ஆகியவற்றை அடித்துத் தரும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். கரியின் விலையும் புகையும் தாங்க முடியாமல், சென்ற மாதம் இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் 18,500 ரூபாய் செலுத்திக் கேஸ் உலை ஒன்றை வாங்கினேன்.

பற்றவைக்கும் முறையை விளக்கும் தாள் எதுவும் பெட்டியில் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, "கேஸைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள்" என்றார் விற்பனையாளர். அவ்வாறே செய்தேன். 'டம்' என்ற ஓசையுடன் உலை வாயிலிருந்து இரண்டு முழ நீளத்துக்குத் தீ சீறி வந்தது. என் வலக்கை முடி முழுவதும் கருகி, தோல் சிவந்துவிட்டது. குனிந்து பார்த்திருந்தால் முகம் வெந்திருக்கும். எல்பிஜி ஆவி காற்றைவிடக் கனமானது என்பதாலும், காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் என்பதாலும், அதை உலைக்குள் தேங்கவிட்டுப் பிறகு நெருப்பைக் காட்டச் சொன்னவர் இந்தத் தொழிலுக்கே தகுதியற்றவர் என்று உறுதியாகச் சொல்வேன். உலையின் கதவுகளைத் திறந்துவைத்து, பக்கவாட்டில் நின்று, எரியும் சுடரைப் பர்னர் வாய்க்கு எதிரே முதலில் பிடித்த பிறகே கேஸைச் சிறிதளவு திறக்க வேண்டும். அணைக்கும்போது சிலிண்டர் வால்வை முதலில் மூடி, ஹோஸில் மிஞ்சிய கேஸை எரிந்து தீரவிட வேண்டும்.

அதன் பிறகும் பர்னர் நின்று எரியவில்லை. தீ பர்னர் குழாய்க்குள் இறங்கி 'பட், பட்' என்று வெடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வெல்டிங் பட்டறைப் பெரியவர் ரெகுலேட்டரைக் கையில் எடுத்துப் பார்த்ததுமே, "தம்பி, இது வீட்டு அடுப்புக்கு உள்ளது, உலைக்குப் பத்தாது" என்றார். அடுப்பு ரெகுலேட்டர் ஏறத்தாழ 30 மில்லிபார் அழுத்தமே தரும். கலவை மெதுவாக வெளியேறினால், தீ அதை எதிர்த்துப் பின்னோக்கி ஓடிவிடும். இத்தகைய பர்னருக்கு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய உயர் அழுத்த ரெகுலேட்டரும், அதற்கேற்ற ஹோஸும் வேண்டும். சோப்பு நுரையைத் தடவியபோது ஹோஸ் இணைப்பிலும் குமிழிகள் வந்தன.

ஹோஸைக் கழற்றிவிட்டு, கேஸ் பீறிடும் சிறு முனையான ஜெட்டின் துளையில் ஒரு மெல்லிய கம்பியைச் செருகிப் பார்த்தார் பெரியவர். கம்பியின் முனை பர்னர் குழாயின் நடுவை நோக்காமல் ஒரு பக்கச் சுவரில் போய் இடித்தது. ஜெட் கோணினால் காற்று சரியாக இழுபடாது. காற்று நுழையும் அளவைக் கூட்டிக் குறைக்கும் தடுப்பை எவ்வளவு நகர்த்தினாலும் மஞ்சள் தீயே வரும், அதனுடன் மணமில்லாத கார்பன் மோனாக்சைடும் பட்டறையில் சேரும். சரியாக அமைந்த பர்னரில் நீலச் சுடர் நிலையாக நிற்கும். காற்று மிகுந்தால் இரும்பில் செதில் (ஆக்சைடு படலம்) அதிகமாகப் படியும். பர்னர் வாயில் பொருத்தியிருந்ததோ துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய். அது சூடேறும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். வெப்பத்தைக் காக்க உள்ளே வைத்திருந்த செராமிக் கம்பளிக்கும், இழைகள் பறக்காமல் தடுக்கும் பூச்சு எதுவும் இல்லை. அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்குள் செல்லக்கூடியவை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று பதில் வந்தது. பிறகு என் அழைப்புகளை ஏற்பதே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். வாங்க எண்ணுவோர், ரெகுலேட்டர் எத்தனை பார் அழுத்தம் தரும், பர்னர் வாய் எந்த உலோகம், கம்பளிக்குப் பூச்சு உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் பெற்ற பிறகே முன்பணம் செலுத்துங்கள்.