பஃபருக்கு ஒரு கணக்கு, லைட்டுக்கு வேறு கணக்கு

வட்டவளைக்கும் கினிகத்தேனைக்கும் நடுவில், பின்னேர மூடுபனியில், எதிரே வந்த பஸ்ஸுக்கு இடம்விடப் போய் என் 2008 டொயோட்டா விட்ஸ் காரின் இடது மூக்கை மதகுக் கட்டில் கொடுத்துவிட்டேன். பஸ் பாட்டுக்குப் போய்விட்டது. எனக்கு பஃபர் ஷெல், அதாவது பம்பரின் பிளாஸ்டிக் உறை, கிழிந்து, முன்சக்கரத்துக்கு மேல் தகடான இடது மட்காட் மடங்கி, ஹெட்லைட் நொறுங்கியிருந்தது. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை.

ஹட்டனில் கராஜுக்குக் கொண்டுபோனதும் பாஸ் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, ஜெனுவினா, தாய்வானா, ரீகண்டிஷனா?"

நம் ஊரில் போட்டி இரண்டு பேருக்கு நடுவில் இல்லை, மூன்று பேருக்கு நடுவில். ஜெனுவின் என்றால் கார் கம்பனியின் பெட்டியில் வரும் புதுச் சாமான். தாய்வான், சைனா என்று சொல்வது வேறு தொழிற்சாலைகள் அதே வடிவத்தில் செய்வது. ரீகண்டிஷன் என்பது ஜப்பானில் ஓடிய காரிலிருந்து கழற்றி, கொள்கலனில் ஏற்றி, கொழும்பில் கார்ச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு வந்து சேர்வது. பழையதுதான், ஆனால் அசல். நோஸ்கட் என்று முன்பக்கத்தை முழுசாகவே வெட்டிக் கொண்டுவந்தும் விற்கிறார்கள்.

எல்லாம் ஜெனுவினாகவே போடுவோம் என்று சொல்ல ஆசைதான். 2022இல் இலங்கை ரூபாய் விழுந்த பிறகு அந்த ஆசையோடு கராஜுக்குப் போகிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் ஒவ்வொரு சாமானாகப் பிரித்துப் பார்த்தேன்.

முதலில் மட்காட். தாய்வான் ஒன்று வாங்கினேன். பெயின்ட் அடிக்கும் முன் பாஸ் அதைச் சும்மா பொருத்திக் காட்டினார். பொனட்டுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் மேலே சுண்டுவிரல் போகும், கீழே நகம்கூடப் போகாது. ஒரு போல்ட் ஓட்டை தள்ளி நின்றது. வட்ட அரத்தால் ராவி ராவித்தான் சேர்த்தார். அப்புறம் தின்னரில் துணியை நனைத்து உள்பக்கத்தைத் துடைத்தார். துணி கறுத்தது. கம்பனித் தகட்டில் இருக்கும் கறுப்பு, மின்சாரம் பாய்ச்சிப் பிடிக்கவைத்த துருத்தடுப்புப் பூச்சு, தின்னருக்கு அசையாது. இதில் இருந்தது கப்பலில் வருகிறவரைக்கும் துருப்பிடிக்காமல் இருக்க அடித்த வெறும் பெயின்ட். அதைச் சுரண்டி எடுத்து, ப்ரைமர் அடித்து, உள்விளிம்புக்கும் பூசினால்தான் வட்டவளை மழையில் நிற்கும். விலையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு டிங்கரிங் கூலியில் போய்விட்டது.

ஆனாலும் மட்காட்டுக்குத் தாய்வான் போட்டதில் எனக்கு வருத்தமில்லை. அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்கள் நடத்தும் ஐஐஎச்எஸ் என்ற ஆய்வமைப்பு, 1997 மாடல் கேம்ரி ஒன்றின் மட்காட், பஃபர் ஷெல் எல்லாவற்றையும் கழற்றிப்போட்டு, வேறு தொழிற்சாலைப் பொனட்டை மாட்டி, மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதிப் பார்த்தது. உள்ளே இருப்பவருக்குக் கிடைத்த பாதுகாப்பு முழுக் காரில் கிடைத்ததற்குக் குறைவில்லை. இவையெல்லாம் காரின் சட்டைதான், எலும்பு இல்லை.

எலும்பு வேறு. பஃபருக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டம், சேசிஸ் நுனி, பொனட் பூட்டு, இவற்றில் மலிவு பார்க்கக் கூடாது. பொனட் பூட்டு நழுவி, றம்பொடை வளைவில் பொனட் எழும்பிக் கண்ணாடியை மறைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இங்கே ஜெனுவின் போடுங்கள். முடியாவிட்டால் அடிபடாத ரீகண்டிஷன்.

பஃபர் ஷெல்லுக்கு என் ஓட்டு நேராக ரீகண்டிஷனுக்கு. புதுச் சைனா ஷெல் பளபளக்கும், ஆனால் காது காதாக இருக்கும் கொக்கிகள் சரியாக உட்காராது. எஸ்டேட் ரோட்டில் பத்து நாள் குலுங்கினால் ஒரு பக்கம் தொங்கிவிடும். பழைய ஜப்பான் ஷெல்லில் கீறல் இருக்கும், அது பெயின்டில் போய்விடும். வாங்கும்போது கொக்கி உடைந்து ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.

நான் முட்டாளானது ஹெட்லைட்டில். பளிச்சென்று புதிதாக ஒன்று அரை விலைக்குக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். இருட்டியதும் பாஸ் காரைக் கராஜ் சுவருக்கு எதிரே நிறுத்தி டிம் போட்டார். வலது லைட்டின் வெளிச்சக் கோடு இடப்பக்கம் ஏறி நின்றது. புது லைட்டின் கோடு வலப்பக்கம் ஏறியது. விட்ஸ் ஐரோப்பாவில் யாரிஸ் என்ற பெயரில், ஸ்டியரிங் இடப்பக்கம் வைத்து ஓடுகிறது. எனக்கு அகப்பட்டது அந்தக் காருக்கான லைட். நாம் இடப்பக்கம் ஓடுகிறவர்கள், வெளிச்சம் நம் ஓரத்துப் பள்ளத்தைத்தான் காட்ட வேண்டும். இது எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும். "இதோட மலை ஏறினா அடுத்த மதகு அவனுக்கு" என்றார் பாஸ். மாற்றிக் கொடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் ரீகண்டிஷன் லைட் ஒன்று போட்டேன். ஜப்பானும் இடப்பக்கம் ஓடும் நாடு, அதனால் இந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி கொஞ்சம் மஞ்சளித்திருந்தது, பொலிஷ் போட்டதில் தெளிந்துவிட்டது.

ரீகண்டிஷனை இவ்வளவு புகழ்ந்தாலும் ஒரு சாமானுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்: எயார்பேக். டகாட்டா என்ற ஜப்பானியக் கம்பனியின் எயார்பேக்குகள் பலவற்றில், பையை விரியவைக்க இருந்த அமோனியம் நைட்ரேட், வருடக்கணக்காக வெக்கையும் ஈரமும் பட்டுக் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் திரும்ப அழைத்தார்கள். கழற்றி விற்கும் பழைய எயார்பேக் எந்தக் காரிலிருந்து வந்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. புதிது வாங்கக் காசில்லையென்றால் காசு சேரும்வரை காத்திருங்கள்.

மாருதி சுசுகி அல்டோ 800 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை பாதிதான் பொருந்தும். அது இந்தியாவில் செய்த கார், ஜப்பான் பழசு அதற்குக் கிடையாது. இந்திய ஜெனுவின் விலையும் அவ்வளவு பயமுறுத்தாது, நேரே அதையே வாங்கலாம்.

ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்தால், கராஜில் பேரம் பேசும் முன் பொலிசியைப் பிரித்துப் படியுங்கள். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம்வரை கார் இறக்குமதி நின்றிருந்ததில் பழைய கார்களின் விலை எகிறியது. பலர் பொலிசியில் பழைய பெறுமதியையே விட்டுவைத்தார்கள். 60 இலட்சம் பெறும் காரை 40க்குக் காப்புறுதி செய்திருந்தால், 3 இலட்சம் பில்லுக்கு 2 இலட்சம்தான் தருவோம் என்று சொல்லக் காப்புறுதிக் கம்பனிக்கு இடமிருக்கிறது. உடைந்த சாமான் பழசுதானே என்றும் ஒரு வெட்டு விழலாம். மிச்சம் உங்கள் கையிலிருந்துதான். எனக்கு வந்த மிச்சத்தைப் பார்த்த பிறகுதான் மட்காட் தாய்வானாகியது.