மூன்று மாதம் சாப்பிட்டுப் பார்த்த மெனோபாஸ் மூலிகை கேப்ஸ்யூல்

ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பும். கழுத்து, காது மடல், முகம் என்று ஏறும், படபடவென்று அடித்துக்கொள்ளும், போர்வையை உதைத்துத் தள்ளுவேன். ஐந்து நிமிஷத்தில் தலையணை உறை நனைந்திருக்கும், அப்புறம் அந்த ஈரத்திலேயே உடம்பு நடுங்கும். மாதவிடாய் நின்று பதினான்கு மாதம் ஆகியிருந்த நேரம். தூக்கம் கெட்டுப்போய், வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்து, ஹார்மோன் மாத்திரை என்றாலே புற்றுநோய் வந்துவிடும் என்ற பயமும் சேர்ந்துகொள்ள, 'முழுக்க இயற்கையானது' என்று அட்டையில் போட்டிருந்த ஒரு மூலிகை கேப்ஸ்யூலை வாங்கினேன். பெயரைச் சொல்லவில்லை. இதே கலவை பல பெயர்களில் கிடைக்கிறது.

உள்ளே இருந்தவை: பிளாக் கோஹோஷ் வேர்ச் சாறு, ரெட் குளோவர், டாங் குவாய், ஈவ்னிங் பிரிம்ரோஸ். காலை ஒன்று, இரவு ஒன்று. வேர் வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்ட பிறகு போட்டால் பரவாயில்லை.

நான் செய்த ஒரு நல்ல காரியம், மாத்திரை ஆரம்பிப்பதற்கு ஒரு வாரம் முன்பே நோட்டில் கோடு போடத் தொடங்கியது. ஒரு தடவை சூடு வந்தால் ஒரு கோடு. அந்த முதல் வாரம் நாளுக்கு ஒன்பது கோடு. மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் முடிந்தபோது ஆறு. எனக்கு அவ்வளவு சந்தோஷம், அக்காவுக்குக்கூட போன் போட்டுச் சொன்னேன். இரண்டாவது மாதமும் ஆறுதான். மூன்றாவது மாதம் ஆறு, ஏழு என்று அங்கேயே நின்றுவிட்டது. மூட்டு வலியிலும் பிறப்புறுப்பு வறட்சியிலும் ஒரு மாற்றமும் இல்லை, தூக்கம் மட்டும் சில நாள் தேவலை.

ஒன்பது ஆறானதே பெரிசுதானே என்று நானும் நினைத்தேன். அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். இந்த மாதிரி ஆராய்ச்சிகளில் பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரை கொடுப்பார்கள், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. மருத்துவ ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் என்ற அமைப்பு 2013-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சோயா, ரெட் குளோவர் போன்றவற்றை வைத்து நடந்த 43 சோதனைகளை அலசியது. அவற்றில் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே சூடு வருவது 59 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. என் நோட்டில் குறைந்திருந்தது மூன்றில் ஒரு பங்குதான். அது மருந்தால் குறைந்ததா, ஏதோ செய்கிறோம் என்ற நிம்மதியால் குறைந்ததா, தானாகவே குறையும் காலம் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தத் தொகுப்பில் கொஞ்சம் நம்பிக்கை தரும் ஒரே விஷயம் சோயா, ரெட் குளோவரில் இருக்கும் ஜெனிஸ்டீன் என்ற பொருள், அதுவும் நாளுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்தால். பிளாக் கோஹோஷ் பற்றி 2012-இல் வந்த தொகுப்பு 16 சோதனைகளைப் பார்த்துவிட்டு, பலன் உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

சரி, என் கேப்ஸ்யூலில் ஜெனிஸ்டீன் எவ்வளவு என்று பார்க்கலாம் என்று பாட்டிலை எடுத்தேன். அங்கேதான் எனக்குக் கோபமே வந்தது. நான்கு மூலிகைப் பெயரும் வரிசையாக இருக்கிறது, கீழே 'மூலிகைக் கலவை 500 மில்லிகிராம்' என்று மொத்தமாக ஒரே எண். எது எவ்வளவு என்று ஒரு எழுத்து இல்லை. பிளாக் கோஹோஷ் சோதனைகளில் பெரும்பாலும் நாளுக்கு 40 மில்லிகிராம் அளவில் கொடுத்திருக்கிறார்கள், இதில் நான்கா நானூறா என்று யாருக்குத் தெரியும்? காசு கொடுத்து வாங்கி தினமும் வாயில் போடுகிறவளுக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?

எச்சரிக்கையும் இல்லை. பிளாக் கோஹோஷ் சாப்பிட்டவர்களில் மிகச் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவாகியிருக்கிறது, ஆஸ்திரேலியாவில் அதை லேபிளிலேயே அச்சிட வேண்டும் என்று விதி. டாங் குவாய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். மனச்சோர்வுக்கும் சேர்த்து என்று சில கலவைகளில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையைப் போடுகிறார்கள், அது கருத்தடை மாத்திரை உட்படப் பல மருந்துகளின் வேலையைக் கெடுக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தயவுசெய்து புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடாதீர்கள். கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

மூன்றாம் மாதக் கடைசியில் நோட்டையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். முதலில் கல்லீரல் பரிசோதனை எழுதினார், நல்லவேளை எல்லாம் சரியாக இருந்தது. பிறகு என் பயத்தைப் பற்றிப் பேசினார். ஹார்மோன் பற்றிய அச்சம் உலகம் முழுக்கப் பரவியது 2002-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு, அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள், அறுபது வயதுக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலானோருக்கு அபாயத்தைவிடப் பலனே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவ நிலைப்பாடு. ஹார்மோன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வேறு மருந்துகள் உண்டு, இந்தச் சூட்டைச் சமாளிக்கவென்றே, மருந்தில்லாமல் பேச்சு வழியாகக் கொடுக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் (சிபிடி) இருக்கிறது. இதில் ஒன்றுகூட எனக்கு முன்பு தெரியாது.

ஐந்துக்கு ஒன்றரை கொடுப்பேன். அந்த ஒன்றரையும் அந்த முதல் மாதத்துத் தூக்கத்துக்காக. எடுத்துத்தான் பார்ப்பேன் என்கிறவர்கள் ஒவ்வொரு மூலிகையின் அளவும் தனித்தனியாக எழுதியிருக்கும் பாட்டிலாக வாங்குங்கள், வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே கோடு போட ஆரம்பியுங்கள். நான் நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. இன்னும் ஆறு கோடுதான்.