ஓப்பன்ஃபயர் சர்வரின் கண்காணிப்புப் பக்கம்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

அலுவலகத்துக்குள் நடக்கும் செய்திப் பரிமாற்றத்தை வெளியார் சர்வரில் ஒப்படைக்க விரும்பாதவர்களுக்கு நெடுங்காலமாகக் கைகொடுத்து வரும் மென்பொருள் ஓப்பன்ஃபயர். ஜாவாவில் எழுதப்பட்டது, உடனடிச் செய்திப் பரிமாற்றத்துக்கான எக்ஸ்எம்பிபி நெறிமுறையில் இயங்குவது, கட்டணமில்லாதது; ஜைவ் மெசஞ்சர், வைல்ட்ஃபயர் என்ற பழைய பெயர்களில் அறிந்தவர்களும் இருக்கலாம். சர்வரின் நிலையையும் புள்ளிவிவரங்களையும் அது எப்படிக் காட்டுகிறது என்பதை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

9090 போர்ட்டில் திறக்கும் நிர்வாகப் பக்கத்தின் முகப்பிலேயே, சர்வர் எவ்வளவு நேரமாக நிற்காமல் ஓடுகிறது, எந்தப் பதிப்பு, ஜாவாவுக்கு ஒதுக்கிய நினைவகத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பவை தெரிந்துவிடும். நினைவகப் பட்டை 80 சதவீதத்தைத் தொட்டதைக் கண்டு பயந்து, முதல் மாதத்தில் இரண்டு முறை சர்வரை நிறுத்தித் தொடங்கினேன், வீண் வேலை. பயன்படாத நினைவகத்தைச் சேரவிட்டு, பிறகு மொத்தமாகத் துப்புரவு செய்வது ஜாவாவின் இயல்பு என்பதால், பட்டை ஏறி இறங்குவது வழக்கமே. துப்புரவுக்குப் பின் அது இறங்கி நிற்கும் மட்டமே நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டு போனால்தான் கவலைப்பட வேண்டும்.

வரைபடங்கள் வேண்டுமென்றால் ‘மானிட்டரிங் சர்வீஸ்’ என்ற பிளகினை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை) தனியாக நிறுவ வேண்டும். இணைந்துள்ள செஷன்கள் (ஒவ்வொரு கணினியிலிருந்தும் திறந்திருக்கும் இணைப்புகள்), நடந்துகொண்டிருக்கும் உரையாடல்கள், பாக்கெட் எனப்படும் சிறு தரவுத் துண்டுகளின் போக்குவரத்து ஆகியவற்றை அது கோடுகளாக வரைகிறது. அறிக்கையைப் பிடிஎஃப் கோப்பாகவும் தருகிறது. விவரங்கள் சுழற்சி முறையில் சேமிக்கப்பட்டு, பழையவை சராசரியாகச் சுருங்குவதால் வட்டு நிரம்பாது என்பது நல்லதுதான். ஆனால் சென்ற ஆண்டில் ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் என்ன நடந்தது என்று மேலாளர் கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இன்னொன்று, செஷன் எண்ணிக்கையை ஆள் எண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது. ஒருவரே மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் நுழைந்திருந்தால் கணக்கில் இரண்டாகத்தான் வரும்.

வரைபடத்தின் பலனையும் அதன் எல்லையையும் எனக்கு ஒருசேரக் காட்டியது ஒரு மதிய நேரச் சரிவு. ஒரு வாரம் முழுக்க, ஒன்றே கால் மணி வாக்கில் செஷன் கோடு நாற்பதிலிருந்து இருபத்தெட்டுக்கு விழுந்து, அரை மணி கழித்து மீண்டும் ஏறியது. உணவு இடைவேளை என்று விட்டுவிடலாம். ஆனால் எழுந்துபோகிறவர் யாரும் செஷனை மூடிவிட்டுப் போவதில்லை. கோடு அதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. செஷன் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உள்ள ஐபி முகவரியைச் சரிவுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டபோது, காணாமற்போன பன்னிரண்டும் மாடியறைக் கணினிகள் என்று தெரிந்தது. அங்கே மைக்ரோவேவ் அடுப்பைச் செருகுவதற்காக யாரோ தினமும், அந்த அறைக் கணினிகளை இணைக்கும் பெட்டியான நெட்வொர்க் ஸ்விட்சின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள்!

இப்படி எண்ணிக்கை திடீரென்று விழும்போது எச்சரிக்கை அனுப்பும் வசதி பிளகினில் இல்லாதது பெருங்குறை. நாமாகத் திறந்து பார்த்தால்தான் உண்டு. உரையாடல்களைச் சேமிக்கும் வசதியிலும் கவனம் தேவை. யார் யாரோடு எப்போது பேசினார் என்ற குறிப்பு வேறு, பேசிய வாசகம் வேறு. புள்ளிவிவரத்துக்கு முன்னதே போதும். வாசகத்தையும் சேமிக்கும் கட்டத்தைத் தேர்வு செய்வதானால் ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை.

நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்துவைக்க வேண்டாம். கடவுச்சொல் இல்லாமலே அதற்குள் நுழைய வழிவிட்ட பாதுகாப்பு ஓட்டை ஒன்று 2023-இல் வெளிப்பட்டது, 4.6.8, 4.7.5 பதிப்புகளில் அதை அடைத்தார்கள். பழைய பதிப்பை ஓட்டுபவர்கள் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் முகப்பில் உள்ள பதிப்பு எண்ணைப் பார்க்கட்டும்.