பெயர் மாறினாலும் பின்தொடருமா? குனு டெயில் ஒரு மதிப்பீடு

லாக் ஃபைலைக் கண்காணிக்க, ஃபைலின் கடைசி வரிகளைக் காட்டும் டெயில் கட்டளையை நம்பலாம்; அதைத் தொடர்ந்து பார்க்க வைக்கும் -f, -F விருப்பங்களில் (சிறிய எஃப், பெரிய எஃப்) குழப்பம் இல்லாத வரை.

சோதிப்பது எளிது. ஒரு முனையத்தில் சிறிய எஃப்போடு ‘அ.லாக்’கைத் திறந்துவிட்டு, இன்னொன்றில் அதை ‘ஆ.லாக்’ என எம்வி கட்டளையால் மாற்றுங்கள். ‘ஆ’வில் ஒரு வரி எழுதினால் உடனே திரையில் வரும். இந்த முறையில் டெயில் பிடித்திருப்பது பெயரை அல்ல, திறந்த ஃபைலை. லாக்ரொடேட் (பழைய லாக்கைப் பெயர் மாற்றிப் புதிதைத் தொடங்கும் கருவி) ஓடியபின் திரை மௌனமாவதும் இதனால்தான்: புது ‘அ’வை அது பார்ப்பதே இல்லை.

பெரிய எஃப் பெயரைப் பிடிக்கும். எம்வி ஆனதும் ஃபைலை அணுக முடியவில்லை என்று சொல்லும். புது ‘அ’ பிறந்ததும் அதற்குத் தாவும். லாக் சுழலும் சர்வருக்கு இதுதான் சரி.

லினக்ஸில் ஃபைல் மாற்றத்தை உடனே அறிவிக்கும் ஐநோடிஃபை வசதி இருப்பதால் தாவல் சட்டென நடக்கும். நெட்வொர்க் வழியே பகிரும் என்எஃப்எஸ் ஃபைல் அமைப்பில் வினாடிக்கொரு முறை பார்க்கும் பழைய வழிதான். ஐந்து முறை மாற்றமில்லை என்றால்தான் பெயரை மறுபடி சரிபார்க்கும். அங்கே சோதனை ஸ்கிரிப்டில் ‘ஸ்லீப் 1’ (ஒரு வினாடி காத்திருப்பு) மட்டும் வைத்தால் சோதனை வீணாகத் தோற்கும். பத்து வினாடி கொடுங்கள். டெயில் தருவதை, வரிகளை வடிகட்டும் கிரெப் வழியே இன்னொரு ஃபைலுக்கு அனுப்பினால் வரிகள் கிரெப்பின் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) தேங்கும், பழி டெயில் மேல் விழும்!