பானெட்டுக்கு அடியில் எதைக் கொண்டு தேய்ப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் அண்ணனும் நானும் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் காரை எஞ்சின் இறக்கிப் பெயிண்டுக்குத் தயார் செய்தோம். 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேகில் உருவான வண்டி அது. டர்பன் தெருக்களில் இன்றும் நிறைய ஓடுகின்றன. கதவைத் தேய்க்க யார் வேண்டுமானாலும் வழி சொல்வார்கள். எஞ்சின் உட்காரும் குழி அப்படியல்ல. எங்கு பார்த்தாலும் மூலை, மடிப்பு, பிராக்கெட், அவற்றின் மேல் பல வருட எண்ணெய்.

அண்ணனின் கட்சி கிரைண்டரில் மாட்டிச் சுற்றும் வயர் பிரஷ். பேட்டரிக்கு அடியில் ஆசிட் தின்ற துருவை எடுக்க அதை மிஞ்ச ஆளில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நல்ல பெயிண்ட் மேல் ஓட்டினால் சூட்டில் பெயிண்ட் இளகி அப்பிக்கொள்கிறது. இரும்பையும் அது பாலிஷ் போட்டதுபோல் வழவழப்பாக்கிவிடும். அதில் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, பிடிக்காது, 80ஆம் நம்பர் உப்புத்தாளால் (நம்பர் குறைந்தால் சொரசொரப்பு அதிகம்) மறுபடி கீறிவிட வேண்டும். கம்பி தெறிப்பதால் கண்ணாடி போடாமல் தொடவே கூடாது. தகட்டில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பர் பக்கம் கிரைண்டரைக் கொண்டே போகாதீர்கள். எண் அழிந்தால் போலீஸ் கிளியரன்ஸுக்குப் போகும் நாளில் வண்டி உங்களுடையது என்று நிரூபிப்பதே பெரும்பாடு.

தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரில் தூசி பறக்காது, தேய்த்த இடமும் சீராக வரும். பழைய பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் 400ஆம் நம்பர் அருமை. பிரச்சினை எங்கள் ஊர்க் காற்று. தைப்பூசக் காவடி எடுக்கும் கோடை மாதங்களில் டர்பனில் புழுக்கம் எப்படி இருக்கும் என்று தெரியுமே! இரும்பு வெளியே தெரியும் இடத்தில் தண்ணீர் பட்டால் மதியச் சாப்பாடு முடிந்து வருவதற்குள் செம்மண் நிறத்தில் துரு பூத்துவிடும். மடிப்புக்குள் தங்கும் ஈரம் அதைவிட மோசம். அதனால் இரும்பு தெரிகிற இடமெல்லாம் உலர்ந்த தாள்தான்.

என் ஓட்டு பாத்திரம் தேய்க்கும் நார் போன்ற அரக்கு நிற ஸ்காட்ச்-பிரைட் பேடுக்கு. தாள் மூலையில் மடிந்து கிழிகிறது, பேட் விரலோடு வளைந்து பிராக்கெட்டின் பின்புறம் வரை போகிறது. கீறலின் அளவு ஏறக்குறைய 320, 400ஆம் நம்பர் தாளுக்குச் சமம். பிரைமர் பிடிக்க அது போதும். துருவை அது எடுக்காது, பெயிண்ட் உரிந்த ஓரத்தைச் சமமாக்கவும் செய்யாது. அதற்கு 180, அப்புறம் 320 என்று தாளில் இறங்க வேண்டும்.

காற்றழுத்தத்தில் மணலைப் பாய்ச்சித் துருவையும் பெயிண்டையும் எடுக்கும் மணல் வீச்சு, வண்டியை முழுக்கப் பிரித்து வெறும் கூடாக வைத்திருப்பவர்களுக்கு மட்டும். மடிப்புக்குள் ஒளிந்த மணல், ஸ்ப்ரே கன் காற்றுப் பட்டதும் ஈரப் பெயிண்டில் வந்து உட்காரும். பெயிண்ட் ரிமூவர் வேண்டவே வேண்டாம். தகடுகளின் இணைப்புகளை அடைத்திருக்கும் சீலர் பசையை இளக்கும், உள்ளே தங்கியது புதுப் பெயிண்டையும் பின்னால் தூக்கிவிடும்.

எந்தக் கருவியானாலும் முதலில் கழுவுங்கள். இடது பக்கத்தை நாங்கள் அவசரத்தில் கழுவாமல் தேய்த்தோம். கிரீஸ் கீறல்களுக்குள் இறங்கிவிட்டது. பிரைமர் அடித்ததும் மீன் கண் மாதிரி குழி குழியாக எழுந்தது. முழுவதையும் சுரண்டி எடுத்து மறுபடி தொடங்கினோம், இரண்டு சனிக்கிழமை போயிற்று. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே வழிந்திருக்கும் பிரேக் ஆயிலை சோப்புத் தண்ணீரால் கழுவலாம், தண்ணீரில் கரையும். எஞ்சின் எண்ணெய்க்கு எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் டிகிரீசர் வேண்டும். தேய்த்து முடித்த பிறகு மெழுகு, கிரீஸ் நீக்கும் தின்னரால் இன்னொரு முறை துடைக்க வேண்டும், துணியை அடிக்கடி மாற்றி.

வலது பக்கத்தைக் கழுவி, துருவுக்கு மட்டும் கிரைண்டர், மற்றதற்கு பேட் என்று பிரித்துச் செய்தோம். இரும்பு தெரிந்த இடங்களில் அன்று மாலையே எபாக்சி பிரைமர் அடித்துவிட்டோம். நீங்களும் இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் காற்று உலர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். புரட்டாசி விரதம் பிறப்பதற்குள் எஞ்சினைத் திரும்ப ஏற்றிவிடலாம்.